ஸ்நேர் ஏன் கைதட்டுகிறது? நொட்டேஷன் மென்பொருள்களில் தாளக்கருவி ஒலிகள்

இசையைக் குறியீடுகளில் எழுதி வாசித்துக்காட்டும் நொட்டேஷன் மென்பொருள் ஒன்றில் எழுதிய டிரம்ஸ் ஸ்கோரை (இசைத்தாளை) இன்னொன்றில் திறந்தேன். பார்வைக்கு எல்லாம் சரி. பிளே பட்டனைத் தட்டியதும் ஸ்நேர் டிரம் வரவேண்டிய இடத்தில் யாரோ கைதட்டினார்கள். மூடிய ஹை-ஹேட்டுக்கு (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) பதில் டாம் டிரம் உருண்டது. பாஸ் டிரம்மோ, விளிம்பில் குச்சி பட்டதுபோல 'டிக்' என்றது.

காரணம் ஒரே ஒரு எண் பிசகு. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினிகளும் ஒலிகளை எண்களாகப் பரிமாறும் முறை. 1991-இல் வந்த ஜெனரல் மிடி தரத்தில் 10-ஆம் சேனல் (தனித் தடம்) தாளக்கருவிகளுக்கு உரியது. 35 முதல் 81 வரை 47 ஒலிகள். பாஸ் டிரம் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42. மிடி 0-விலிருந்து 127 வரை எண்ணும். மென்பொருள்களுக்கிடையே ஸ்கோரைக் கொண்டுபோகும் மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பு அதே ஒலிகளை 1-லிருந்து 128 வரை எண்ணும். ஆகவே அந்தக் கோப்பில் ஸ்நேர் 39. திறக்கிற மென்பொருள் ஒன்றைக் கழிக்க மறந்தால், மிடியின் 39 கைதட்டல், 37 விளிம்புத் தட்டு, 43 டாம். நான் கேட்டது அப்படியே அதுதான்.

வயலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதுவே சுருதி. தாளக்கருவியில் இடம் என்பது வெறும் ஏற்பாடு. எந்தக் கோடு, எந்த வடிவத் தலை (நோட்டின் உருண்டைப் பகுதி), எந்த ஒலி என்று மூன்றையும் யாராவது முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சை எங்கே போடுகிறது என்பதில்தான் ஒவ்வொரு மென்பொருளும் வேறுபடுகிறது.

மியூஸ்ஸ்கோரில் எண்ணே ராஜா. ஒவ்வொரு மிடி எண்ணுக்கும் ஒரு வரி: பெயர், தலையின் வடிவம், கோடு, குரல் (ஒரே கோடுகளில் தனியாக ஓடும் இழை), தண்டின் திசை, விசைப்பலகைக் குறுக்குவிசை. நோட்டு எண்ணாகத்தான் சேமிக்கப்படுகிறது, படம் அதற்கப்புறம். அதனால்தான் புதியவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் விழுகிறார்கள். நோட்டைத் தேர்ந்தெடுத்து அதன் தலையைப் பெருக்கல் குறியாக மாற்றுவார்கள், ஒலி மாறும் என்று நினைத்து. மாறாது. படம் மட்டுமே மாறியது, எண் அப்படியே இருக்கிறது. ஒலி வேண்டுமானால் டிரம்செட் அட்டவணையில் வேறு எண்ணுக்கு அந்தத் தலையைக் கொடுத்து, அந்த எண்ணால் எழுத வேண்டும்.

ஜெனரல் மிடி அடுக்கில் உள்ள சவுண்ட்ஃபான்ட்டோடு (கருவி ஒலிகள் அடங்கிய கோப்பு) வேலை செய்யும்வரை இது மிக வசதி. எதையும் தொடாமலே எல்லாம் ஒலிக்கும், காசும் இல்லை. 2022-இல் வந்த நான்காம் பதிப்பு விஎஸ்டி3 என்ற செருகுநிரல் வடிவில் வரும் ஒலித்தொகுப்புகளையும் ஏற்கிறது. அங்கேதான் சிக்கல். தன் இஷ்டத்துக்கு எண் வைத்திருக்கிற தொகுப்பை மாட்டினால், அட்டவணையை வரிவரியாக மாற்றுவதோடு முடியாது. ஏற்கெனவே எழுதிய நோட்டுகள் பழைய எண்களிலேயே கிடக்கும். பாதி ஸ்கோர் முடிந்தபின் ஒலித்தொகுப்பை மாற்றுகிற பழக்கம் இருந்தால், மியூஸ்ஸ்கோர் உங்களை நன்றாக அழவைக்கும்.

டோரிகோ இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. ஸ்கோரில் எண்ணே கிடையாது. 'ஸ்நேர், சாதாரண அடி' என்று கருவியும் வாசிக்கும் முறையும்தான் எழுதப்படுகிறது. எந்தத் தலை அல்லது எந்தக் குறி எந்த வாசிப்பு முறையைக் குறிக்கும் என்பது ஒரு இடத்தில். அந்த முறைக்கு எந்த மிடி எண் என்பது பெர்கஷன் மேப் (தாளக்கருவி அட்டவணை) என்ற வேறொரு இடத்தில். ஒலித்தொகுப்பை மாற்றினால் மேப்பை மாற்றினால் போதும், ஸ்கோரைத் தொட வேண்டாம். ஐந்து கோட்டில் இருக்கும் செட்டைக் கருவிக்கு ஒரு கோடாகப் பிரித்துக் காட்டினாலும் ஒலி கலையாது.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சங்கிலியில் கண்ணிகள் அதிகம். சத்தம் வரவில்லை என்றால் கருவியா, வாசிப்பு முறையா, மேப்பா, அந்த மேப்பைச் சேனலோடு இணைக்க மறந்தீர்களா என்று நான்கு இடம் தேட வேண்டும். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவை செய்த மேப் அடுத்த ஸ்கோருக்கும் உதவும். ஒலித்தொகுப்பு வாங்கி வேலை செய்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

சிபேலியஸ் நடுவில் நிற்கிறது. கோட்டின் இடமும் தலையின் வடிவமும் சேர்ந்து ஒலியைத் தீர்மானிக்கின்றன. அது ஸ்டாஃப் வகைக்குள் (கோட்டுத்தொகுதியின் அமைப்பு) பதிந்திருக்கும். எண்ணுக்குப் பதில் கருவிக் குடும்பம், கருவி, முறை என்று மரக்கிளைபோல் பிரியும் ஒலிப்பெயர்கள் உண்டு. சரியான ஒலி கிடைக்காவிட்டால் பக்கத்துக் கிளையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு அருமை. ஆனால் எது தவறு என்பதை அதுவே மூடி மறைத்தும் விடும்: ஏதோ ஒன்று ஒலிக்கிறது, அது நீங்கள் கேட்டதல்ல. வெளி ஒலித்தொகுப்புக்கு, அதில் எந்த ஒலிப்பெயர் எங்கே என்று சொல்லும் சவுண்ட் செட் கோப்பு தயாராகக் கிடைத்தால் நிம்மதி. நாமே செய்வது பொறுமைசாலிகளின் வேலை.

லில்லிபாண்ட் என்ற மென்பொருளில் ஸ்கோரையே எழுத்தாகத் தட்டச்சு செய்கிறோம், தட்டுவது ஒலியின் பெயர். அதை எப்படி வரைவது, எந்த மிடி எண்ணாக அனுப்புவது என்று தனித்தனி அட்டவணைகள். சிந்தனை டோரிகோவுக்கு அருகில், ஜன்னல்கள்தான் இல்லை. ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வெளியேறுபவர்கள் டிரம்ஸ் பகுதியை மட்டும் காதால் ஒருமுறை சரிபாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் மேப் நிரப்பும்போது ஸ்வரப் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். மிடி 60-ஐச் சிலர் சி3 என்பார்கள், சிலர் சி4 என்பார்கள். ஆகவே பாஸ் டிரம்மின் 36 ஒரு கையேட்டில் சி1, இன்னொன்றில் சி2. இடம் மாறினால் 12 எண் தள்ளிப்போய் மௌனமோ வேறொரு ஒலியோ பதிலாக வரும்.

அப்புறம், மேப் சரியாக இருந்தும் தீராத ஒன்று உண்டு. ஹை-ஹேட்டை மூடியதும் திறந்த ஒலி அறுபட வேண்டும். 42 (மூடியது), 44 (காலால் மூடுவது), 46 (திறந்தது) மூன்றையும் ஒரே குழுவாகக் கட்டியிருப்பது ஒலித்தொகுப்பு. நொட்டேஷன் மென்பொருள் அல்ல. திறந்ததை ஒரு சேனலிலும் மூடியதை இன்னொன்றிலும் அனுப்பினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், சிம்பல் பாட்டுக்கு இரைந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே சேனலுக்குக் கொண்டுவந்தால் அடங்கிவிடும்.