கும்பகோணத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறவர்கள் கவனத்துக்கு: வைஃபை பக்கம் கார்டு நம்பர் கேட்டால் போடாதீர்கள்

நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள், முகூர்த்தத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களைத் தனியாக ஊருக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் வைஃபை போடப் போன என் சித்தப்பாவிடம் 34,799 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். லாட்ஜின் பெயரை இங்கே சொல்லவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. எந்த லாட்ஜிலும் இது நடக்கலாம் என்பதால் பெயரைவிட, நடந்த விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

சித்தப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காமல் கணக்கைத் திரும்பப் பார்க்கிற ஆள். பேத்தி ஜாதகத்துக்காக திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகம், மறுநாள் ஆலங்குடி, கஞ்சனூர், சூரியனார்கோயில் என்று திட்டம் போட்டு, சித்தியோடு வந்து அறை எடுத்திருந்தார். அறைக்குள் போன் சிக்னல் சரியாக இல்லை. துபாயில் இருக்கும் மகளுக்குக் கோயில் படங்களை அனுப்ப வேண்டும். ரூம் பாயிடம் கேட்டதற்கு, “வைஃபை இருக்கு சார், லாட்ஜ் பேர்லயே வரும், போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போனில் லாட்ஜ் பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தன. ஒன்று பூட்டுக் குறி போட்டது, அதாவது பாஸ்வேர்டு கேட்பது, சிக்னல் மெலிதாக இருந்தது. இன்னொன்று லாட்ஜ் பெயருக்குப் பின்னால் ‘கெஸ்ட் ஃப்ரீ’ என்று இருந்தது. பூட்டும் இல்லை, சிக்னலும் முழுசாக இருந்தது. யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் தொடுவார்கள். தொட்டதும் ஒரு பக்கம் தானாகத் திறந்தது. மேலே லாட்ஜின் முகப்புப் படம். கீழே பெயர், அறை எண், போன் நம்பர் கேட்டது. அறை எண் கேட்கிறார்களே, லாட்ஜ்காரர்கள்தான் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த பக்கத்தில், விருந்தினர் சரிபார்ப்புக்காக 2 ரூபாய், டெபிட் கார்டு மூலம் மட்டும், அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் என்று இருந்தது.

கார்டு நம்பரும் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணும் போட்டார். ஓடிபி வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிபி மெசேஜ் வந்தால், மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலேயே அந்த எண்ணை மட்டும் நகலெடுக்க ஒரு பொத்தான் வருகிறது. அதைத் தட்டினால் போதும், மெசேஜைத் திறக்கவே வேண்டாம். சித்தப்பா அதைத் தட்டி ஒட்டினார். மெசேஜுக்குள் 24,999 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கடையில் வாங்குவதற்கான ஓடிபி என்று வங்கி தெளிவாக எழுதியிருந்தது. அதைக் கண்ணில் படாமல் செய்தது அந்தப் பொத்தான். ஒட்டியதும், ஓடிபி தவறு, மறுபடி போடவும் என்று பக்கம் சொன்னது. இன்னொரு ஓடிபி வந்தது. அது 9,800 ரூபாய்க்கு. அதையும் அதே மாதிரி ஒட்டினார். அப்புறம் வைஃபை நன்றாகவே வேலை செய்தது, படங்களும் துபாய் போய்ச் சேர்ந்தன. காபி குடிக்கக் கீழே வந்தபோதுதான் பணம் எடுத்த இரண்டு மெசேஜையும் பார்த்திருக்கிறார்.

எனக்குப் போன் செய்து சித்தி பேசினார். “தம்பி, உங்க சித்தப்பா பேச்சே வரமாட்டேங்குது, கையெல்லாம் நடுங்குது, நீ கொஞ்சம் வாப்பா” என்றார். கார்டை உடனே முடக்கச் சொல்லிவிட்டு, 1930க்குப் போன் போடச் சொன்னேன். இது இந்தியா முழுக்க இணையப் பண மோசடிக்கான அரசின் உதவி எண். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, வங்கி மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண், இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அவர்கள் பதிவு செய்ததும் பணம் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தகவல் போகிறது. பணம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் நிறுத்தி வைக்க முடிகிறது, கை மாறிவிட்டால் கஷ்டம். அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். சித்தப்பாவின் 9,800 ரூபாய் அப்படி நின்றது. 24,999 அதற்குள் கடந்துபோய்விட்டது. போனில் புகார் சொன்னதோடு விடாமல், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் விவரங்களைப் பதிந்து எண் வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ‘கெஸ்ட் ஃப்ரீ’ இன்னும் காற்றில் இருந்தது! இரண்டாவது மாடிக் காரிடாரில் நடக்க நடக்க சிக்னல் கூடிக்கொண்டே போனது. யாரோ ஓர் அறையில் சின்ன வைஃபை கருவியோ, போன் ஹாட்ஸ்பாட்டோ வைத்து லாட்ஜ் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வைஃபைக்கு எந்தப் பெயரையும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், தடுக்க ஆள் கிடையாது. பட்டியலில் இரண்டு பெயரும் தெரிகிற மாதிரியும், அந்தப் பணம் கேட்கிற பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நீங்கள் மாட்டினாலும் அறையைக் காலி செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ரிசப்ஷன் மேல்தான். அதே மாடியில் தங்கியிருந்த ஒரு குடும்பம், தங்கள் போனிலும் இதே பக்கம் வந்தது, சந்தேகப்பட்டு முதல் நாளே கீழே சொல்லிவிட்டோம் என்றார்கள். மேனேஜரிடம் கேட்டேன். “வைஃபை ஃப்ரீயாத்தான் சார் தர்றோம், உங்க போன்ல நடக்கறதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?” என்றார். முதல் நாளே தெரிந்தும் மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. கவுண்டரில் ஒரு காகிதம் ஒட்டவில்லை. ரூம் பாயிடம்கூடச் சொல்லவில்லை. கேமரா பதிவைப் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று கேட்டதற்கு, போலீஸ் வந்தால் காட்டுகிறோம் என்றார்கள். என் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். இந்தக் கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், வாய்ப்பேச்சை நம்பி வந்துவிடாதீர்கள்.

வங்கிக் கிளையிலும் முதலில், ஓடிபியை நீங்களே போட்டிருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் பொறுப்பு பற்றி 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவர் தலையில்தான். தெரிவித்த பிறகு போவதெல்லாம் வங்கியின் பொறுப்பு. வங்கி மேலும் நம் மேலும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதில் சித்தப்பாவின் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பது வேறு விஷயம். புகாரையே வாங்க மாட்டேன் என்று சொல்ல எந்தக் கிளைக்கும் உரிமை இல்லை. எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இது நடந்த பிறகு சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பொது வைஃபையில் யாரோ நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள், அதனால் விபிஎன் (போனிலிருந்து போகிற தகவலை மறைத்து அனுப்பும் ஆப்) போடு என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. பூட்டில்லாத வைஃபையில் ஒட்டுக்கேட்பது ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது உண்மைதான். இன்று வங்கி ஆப், வாட்ஸ்அப், பெரும்பாலான தளங்கள் எல்லாம் தகவலை மறையாக்கித்தான் அனுப்புகின்றன. பக்கத்து அறைக்காரன் நடுவில் நின்று பார்த்தாலும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியலாம், உள்ளே எழுதுவது தெரியாது. சித்தப்பாவிடம் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. சத்திரத்து வாசலில் காவலாளி வேஷம் போட்டு நின்று, உள்ளே போகிறவரிடமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலிப் பக்கத்தில் நாமே கார்டு நம்பரை எழுதிக் கொடுத்தால் விபிஎன் என்ன செய்யும்? அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் பூட்டுப் படம் இருந்ததே என்று சித்தப்பா கேட்டார். அந்தப் பூட்டு, போகிற வழி மறைவாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வாங்குகிறவன் யோக்கியனா என்று அது சொல்லாது. மோசடிக்காரனும் அதை இலவசமாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். போதாததற்கு, வைஃபை சேரும்போது தானாகத் திறக்கிற அந்தச் சின்ன ஜன்னலில் பல போன்களில் முகவரி முழுசாகத் தெரிவதுகூட இல்லை.

ஒழுங்கான வைஃபை நம்மிடம் என்ன கேட்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். லாட்ஜ் என்றால் பாஸ்வேர்டு, அல்லது பெயரும் அறை எண்ணும். ரயில் நிலையம் என்றால் போன் நம்பரும் ஒரு ஓடிபியும். நாடெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் ரயில்டெல் நிறுவனத்தின் ‘ரயில்வயர்’ வைஃபை இருக்கிறது. அதில் தினமும் முதல் அரை மணி நேரம் இலவசம், மேலே வேண்டும் என்று நாமே கேட்டால்தான் கட்டணத் திட்டம். அப்படிப்பட்ட வைஃபைக்கு வருகிற ஓடிபி மெசேஜில் ரூபாய் என்ற பேச்சே இருக்காது. இலவசம் என்று சொல்லிவிட்டு உள்ளே விடுவதற்கே கார்டு கேட்டால், யுபிஐ பின் கேட்டால், ஆப் இறக்கச் சொன்னால் துண்டித்துவிடுங்கள். ஆப் விஷயம் இன்னும் மோசம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருகிற ஆப் மெசேஜைப் படிக்க அனுமதி வாங்கிவிட்டால், ஓடிபி நம் கைக்கு வருவதற்கு முன்பே மோசடிக்காரன் கைக்குப் போய்விடும்.

வீட்டுப் பெரியவர்கள் யாத்திரை கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் போனில் நீங்களே உட்கார்ந்து ஒரு வேலை செய்து கொடுங்கள். வங்கி ஆப்பில் கார்டுப் பகுதியில் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, தொகைக்கு உச்சவரம்பும் வைக்கலாம். 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் இந்த வசதி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஏடிஎம்முக்கு மட்டும் கார்டு பயன்படுத்துகிறவருக்கு ஆன்லைன் பயன்பாடு எதற்கு? சித்தப்பா கார்டில் அது மூடியிருந்தால் ஓடிபியே வந்திருக்காது. அப்படியே வைஃபை அமைப்பில் தானாகச் சேர்வதை நிறுத்தி, ஊர் ஊராகச் சேர்ந்த பழைய பெயர்களை அழித்துவிடுங்கள். போன் பெயரைப் பார்த்துத்தான் பழைய வைஃபையை அடையாளம் காண்கிறது. பூட்டில்லாத ஒன்றில் முன்பு சேர்ந்திருந்தால், அதே பெயரில் வேறு எவன் திறந்து வைத்தாலும் கேட்காமல் போய் ஒட்டிக்கொள்ளும். கூட வருகிற இளையவர் யாராவது தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கும்பகோணம், வைத்தீஸ்வரன்கோயில், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வைஃபையின் சரியான பெயரையும், ‘நாங்கள் பணமோ கார்டோ கேட்கமாட்டோம்’ என்ற வரியையும் தமிழில் பெரிதாக எழுதிக் கவுண்டரிலும் ஒவ்வொரு அறையிலும் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பையனைப் போனோடு மாடி மாடியாக நடக்கவிட்டு உங்கள் பெயரில் வேறு எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். விருந்தினர் புகார் சொன்னால் அன்றைக்கே சைபர் கிரைம் போலீசுக்குச் சொல்லுங்கள். 2028 மாசியில் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கில் வெளியூர் ஜனங்கள் வந்து இறங்குவார்கள், அதில் பாதிப் பேர் வயதானவர்களாக இருப்பார்கள்.

சித்தப்பாவின் 9,800 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நீதிமன்ற உத்தரவு வழியாகத் திரும்ப வரும் என்று காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். 24,999க்கு வங்கியின் பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன். இந்த வட்டாரத்தில் வேறு யாருக்காவது இதே மாதிரி வைஃபை பக்கம் வந்து பணம் கேட்டிருந்தால், பணம் போகாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஊர், எந்த மாதம் என்று மட்டும் கீழே எழுதுங்கள். எங்கள் புகாரோடு அதையும் சொல்லி விசாரிக்கச் சொல்வோம்.