மிதவையை மேலே அனுப்ப ரீலா, ஸ்பூலா?

மாலத்தீவில் பவளத்திட்டின் விளிம்பை அறுத்துக்கொண்டு கடல்நீர் உள்ளும் புறமும் பாயும் வாய்க்கால்களைக் ‘கந்து’ என்பார்கள். கந்துவில் ஸ்கூபா டைவ் முடிக்கும்போது பிடித்துக்கொள்ளக் கயிறோ பாறையோ இருக்காது. மேலே ஏறும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதற்குள் நீரோட்டம் நம்மை எங்கேயோ கொண்டுபோய்விடும். மேலே தோணி (அங்கேயும் அதன் பெயர் தோணிதான்) நம்மைத் தேடுவது நாம் நீருக்கடியிலேயே காற்று நிரப்பிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பும் ஆரஞ்சு மிதவையை வைத்துத்தான். அந்தக் கயிற்றைச் சுற்றிவைக்க ரீலா, ஸ்பூலா என்பதில் டைவர்களிடம் ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் ஸ்பூல் கட்சி.

ரீலுக்கும் நியாயம் இருக்கிறது. கைப்பிடி, பூட்டு, சுற்றும் குமிழ் எல்லாம் உண்டு. 50 மீட்டருக்கு மேலும் கயிறு பிடிக்கும், வேகமாகச் சுற்றலாம். கனத்த கையுறை போடும் குளிர்க்கடலிலும், 40 மீட்டருக்குக் கீழே போய் நின்று நின்று ஏறும் டெக்னிக்கல் டைவிலும் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் பூட்டைத் திறக்க மறந்தாலோ, தளர்ந்த கயிறு உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்தாலோ அது அப்படியே இறுகிவிடும். எனக்கு 12 மீட்டரில் நடந்தது. மிதவை கிளம்பி இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை; கை சட்டென்று நிமிர்ந்தது, காதில் அழுத்தம் இறங்குவது தெரிந்தது. ரீலை விட்டுவிட்டேன். போனது போகட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வேகத்தில் மேலே போயிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும்.

ஸ்பூல் என்பது நடுவில் ஓட்டை உள்ள ஒரு வட்டு, 30 மீட்டர் அளவுக்குக் கயிறு, இருமுனைக் கொக்கி ஒன்று. மாட்டிக்கொள்ள அசையும் பாகமே இல்லை. இரண்டு விரலுக்கு நடுவே தளர்வாகப் பிடித்தால் தானே சுழலும். திரும்பச் சுற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். கை தவறினால் கயிறு அவிழ்ந்தபடியே கீழே போகும். அப்புறம், எதை வைத்திருந்தாலும் சரி, மிதவையை விடும்போது ரீலையோ ஸ்பூலையோ பிசிடியில் (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) மாட்டிவைக்கவே கூடாது. விரலில் கயிறு சுற்றியிருக்கவும் கூடாது.

என்னைக் கேட்டால் ரீல், ஸ்பூல் சண்டையைவிட முக்கியம், மிதவையில் காற்றை எப்படி நிரப்புகிறோம் என்பது. பெரும்பாலோர் ஆக்டோபஸை (உபரி ரெகுலேட்டர்; ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மிதவையின் வாய்க்குள் விட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். வேகமான வழிதான். ஆனால் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும். ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் மிதவையோடு நாமும் கிளம்பிவிடுவோம். ஆக்டோபஸில் கயிறு சிக்கினால் கேட்கவே வேண்டாம். மூச்சுக் காற்றை ஊதினால் இந்தத் தொல்லை குறைவு. நுரையீரலில் இருந்த காற்றுதான் மிதவைக்கு மாறுகிறது. அதனால் கையை விடும்வரை உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். தலையை லேசாகச் சாய்த்து, ரெகுலேட்டரின் பக்கவாட்டில் குமிழி கிளம்பும் இடத்துக்கு மேலே மிதவையின் வாயைப் பிடித்து மூச்சை விடுங்கள். மடிந்து கிடந்த துணி நிமிர்ந்து கையை மெல்ல இழுக்கும். ஓரிரு மூச்சு போதும். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே பாதி நிரம்பிய மிதவை மேலே போனதும் முழுதாக விறைத்துவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

அடி திறந்த மிதவையில் காற்றைப் பிடிப்பது சுலபம், ஆனால் அலையில் சாய்ந்தால் காற்று கொட்டிவிடும். உள்ளே போன காற்று வெளியே வராதபடி மடல் வைத்ததை வாங்குங்கள்.

கந்துவில் நான் 10 மீட்டருக்கு வந்ததுமே அனுப்பிவிடுவேன். 5 மீட்டர் வரை காத்திருந்தால் நம்மைத் தேடிப் பிடிக்கத் தோணிக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். விடுவதற்கு முன் தலைக்கு மேலே ஒருமுறை பாருங்கள், யாராவது இருக்கலாம். ஸ்பூல் சுழல்வது நின்றால் மிதவை மேலே போய்விட்டது என்று அர்த்தம். தளர்ந்த கயிற்றைச் சுற்றி, லேசாகக் கீழே இழுத்துப் பிடித்தால் அது நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் தோணியின் எஞ்சின் சத்தம் நெருங்கி வந்து, அப்படியே தணியும்.