ஹவுஸா, வகுப்பா?

கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகள் பையன்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று ஹவுஸ். சின்னவனும் பெரியவனும் ஒரே புனிதரின் பெயரில், ஒரே பொறுப்பாசிரியரின் கீழ் இருப்பார்கள். இங்கிலாந்தில் பெனடிக்ட் சபையினர் நிறுவிய ஆம்பிள்ஃபோர்த் இப்படித்தான் வளர்ந்தது.

இன்னொன்று வயதுவாரிப் பிரிவு. இயேசு சபையினர் 1593-இல் இன்றைய பிரான்சிலுள்ள செயின்ட் ஓமரில் தொடங்கி, 1794-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஸ்டோனிஹர்ஸ்ட், ஆண்கள் பள்ளியாக இருந்த காலத்திலேயே பிடித்துக்கொண்டது இந்த வழியைத்தான். அங்கே வகுப்புகளுக்கு எண் கிடையாது. 'கிராமர்', 'சின்டாக்ஸ்', 'பொயட்ரி', 'ரெட்டரிக்' என்று பெயர்கள்தான். கேட்கவே அழகு!

வயதுவாரிப் பிரிவில் சின்னப் பையன்கள் பெரியவர்களின் அதட்டலுக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. சரி, பெரிய நன்மைதான். ஆனால் திருப்பலியில் முதன்முறை வாசகம் படிக்கப் போகிறவன் கையில் தாள் நடுங்க நிற்கும்போது, "மெதுவா படிடா, மைக்கைப் பார்க்காதே" என்று காதோடு சொல்ல ஓர் அண்ணன் வேண்டும். அதை ஹவுஸ்தான் தரும். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்றதும் பெரியவனுக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்துவிடுகிறது.

என் ஓட்டு ஹவுஸுக்கே, பொறுப்பாசிரியர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால். விளையாட்டு விழாவன்று மட்டும் நிறச்சட்டை போட்டுக் கத்துவதற்கென்றால் ஹவுஸே தேவையில்லை.