ஆடம்ஸ் குடும்பத் தாள்கள்: மைக்ரோஃபிலிமா, ஃபவுண்டர்ஸ் ஆன்லைனா?

வழக்கறிஞராகத் தொடங்கி அமெரிக்க அதிபரானவர் ஜான் ஆடம்ஸ். அவர் குடும்பத்தின் தாள்கள் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க இரண்டு முக்கிய வழிகள்.

ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்பது அமெரிக்க நிறுவனத் தலைவர்களின் தாள்களைத் தரும் இணையதளம், 2013 முதல் இலவசம். பெயர், தேதி, சொல் எதைக் கொண்டும் தேடலாம், அடிக்குறிப்புகளும் உண்டு. ஆடம்ஸ் பிரிட்டிஷ் வீரர்களுக்காக வாதாடிய 1770 பாஸ்டன் படுகொலை வழக்கின் குறிப்புகளைப் படிப்பவருக்கு இதுவே முதலிடம். ஆனால் அந்தக்கால எழுத்துக்கூட்டல் அப்படியே விடப்பட்டிருப்பதால், இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பல கடிதங்கள் சிக்காது. ஒரே சொல்லை மூன்று நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள். 'முன்கூட்டிய அணுகல்' (Early Access) என்று குறித்த ஆவணங்களில், கையெழுத்தைப் படித்துத் தட்டச்சிட்ட வடிவம் இறுதியானதல்ல. மேற்கோள் காட்டும் முன் மூலப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

மைக்ரோஃபிலிம், அதாவது தாள்களைச் சிறிதாகப் படம்பிடித்த ஃபிலிம், 608 சுருள்கள், 1889 வரையிலான தாள்கள். நாட்குறிப்புகள், கடித நகலேடுகள் (அனுப்பும் கடிதங்களை நகலெடுத்து வைத்த ஏடுகள்), பலவகைத் தாள்கள், வந்த கடிதங்களும் உதிரித் தாள்களும் என நான்கு பகுதி. வந்த கடிதங்களும் உதிரித் தாள்களும் கால வரிசையில் இருப்பதால், தேதி தெரியாமல் சுருளை எடுத்தால் நாள் வீணாகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பின்பக்க மை ஊடுருவி எழுத்தைக் குழப்பும். பென்சில் திருத்தம் மங்கிவிடும். நகலேட்டில் உள்ளது அனுப்பிய கடிதத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தும் என்றும் நம்பிவிடக் கூடாது.

இருந்தும், பதிப்பாசிரியர்கள் விட்டுவைத்த தாள்களும், பேரன் சார்லஸ் ஃபிரான்சிஸ் தலைமுறையின் தாள்களும் வேண்டுமென்றால் சுருள்தான் வழி. தேதியை இணையத்தில் பிடித்துக்கொண்டு சுருளுக்குப் போங்கள்.