பந்தய ட்ரோன் கட்டுபவரின் மேசையில் பீட்டாஃப்ளைட்: ஒரு மதிப்பீடு

ஐந்து அங்குலப் பந்தய ட்ரோன் ஒன்றை உதிரிபாகங்களாக வாங்கித் தானே கட்டுகிறவருக்கு, சால்டரிங் வேலை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 2022 பிப்ரவரியில் இந்தியா முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்து, உதிரிபாகங்களுக்கு மட்டும் வழிவிட்டதால், இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் நம்மவர்களில் பலர் என்றாவது ஒருநாள் பீட்டாஃப்ளைட்டின் முன் உட்கார்ந்தே ஆகவேண்டும். ட்ரோனின் மூளையான பிளைட் கன்ட்ரோலர் பலகைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள், அதைக் கணினியிலிருந்து அமைக்கும் கான்ஃபிகரேட்டர் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பீட்டாஃப்ளைட். கிளீன்ஃப்ளைட் என்ற முந்தைய ஃபர்ம்வேரிலிருந்து 2015இல் கிளைத்த இது திறந்த மூலநிரலாக, காசு வாங்காமல் கிடைக்கிறது. பறக்கும்போது கிடைக்கும் மென்மைக்காகவே பலரும் இதைப் புகழ்கிறார்கள். எனக்கோ, ட்ரோன் தரையில் இருக்கும்போதே கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான் இதன் முதன்மையான சிறப்பாகப் படுகிறது.

யுஎஸ்பி கம்பியைச் செருகியதும் முதல் பக்கத்தில் ஒரு முப்பரிமாண ட்ரோன் உருவம் தோன்றும். கையிலிருக்கும் ட்ரோனின் மூக்கை நாம் கீழே சாய்த்தால், திரையில் உள்ளதும் அதேபோல் மூக்கைச் சாய்க்க வேண்டும். கம்பிகளுக்கு இடம் விடுவதற்காகப் பலகையைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பொருத்தியிருந்தால், நாம் முன்னால் சாய்க்க, திரையில் உள்ளது பக்கவாட்டில் சாயும். பலகையின் திசை அளவில் 90 அல்லது 270 என்று இட்டுச் சேமித்துவிட்டால் சரியாகிவிடும். இந்தச் சோதனையைத் தாண்டிச் சென்று ட்ரோனைப் பறக்கவிட்டால் அது எழும்பிய நொடியே புரண்டு புல்லில் குத்தும். ஒரு நிமிடம்கூட ஆகாத இச்சோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

மோட்டார் பக்கமும் அதே அளவு நன்றாக அமைந்துள்ளது. புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டேன் என்று நாம் உறுதி தந்த பிறகே மோட்டாரைச் சுழற்றும் பட்டைகள் உயிர்பெறும். உண்மையிலேயே கழற்றினோமா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டை நாமும் மனதார ஏற்க வேண்டும். பின்வலது ஒன்று, முன்வலது இரண்டு, பின்னிடது மூன்று, முன்னிடது நான்கு என்பது மோட்டார்களின் வரிசை. இது மாறியிருந்தால், முன்பு கம்பிகளைப் பிரித்து மீண்டும் சால்டர் வைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொன்றாகச் சுழலும் மோட்டாரைத் திரையில் தொட்டுக் காட்டினால் வரிசை தானே மாறிவிடுகிறது. சுழலும் திசையையும் அங்கேயே திருப்பிக்கொள்ளலாம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பிளைட் கன்ட்ரோலருக்குத் திரும்பவும் தகவல் அனுப்பும் இருவழி டிஷாட் முறை இயங்கும்போது ஒவ்வொரு மோட்டாரின் சுழற்சி வேகமும் பிழை விழுக்காடும் தனித்தனியே தெரியும். ஒன்றில் மட்டும் பிழை தொடர்ந்து ஏறினால், அந்த மோட்டாரின் இணைப்பையோ ஈஎஸ்சியையோ சந்தேகிக்க வேண்டும். மோட்டாரிலுள்ள காந்தங்களின் எண்ணிக்கை அமைப்பில் இயல்பாக 14 என்றே இருக்கும். வூப் எனப்படும் சின்னஞ்சிறு ட்ரோன்களின் மோட்டார்களில் 12 காந்தங்களே இருப்பதால், அதை மாற்றாவிட்டால் காட்டப்படும் வேகமும் பொய், அதை நம்பி அதிர்வை வடிகட்டும் ஆர்பிஎம் ஃபில்டரும் பொய்.

ட்ரோன் ஆர்ம் ஆக, அதாவது மோட்டார்களைச் சுழற்றத் தயாராக, மறுத்தால், மறுப்பதற்கான காரணங்களைத் தனியே பட்டியலிடுவது எனக்கு மிகவும் பிடித்த வசதி. 'த்ராட்டில்' என்று வந்தால், கையிலுள்ள ரேடியோவின் வேகக் குச்சியை அடியோடு இறக்கி, அதன் கட்டளைகளை ஏற்கும் ரிசீவரின் பக்கத்தில் பார்க்க வேண்டும். மதிப்பு 1050க்குக் கீழே இறங்காவிட்டால் ரேடியோவில் எல்லை சரிசெய்யப்பட வேண்டும். 'எம்எஸ்பி' என்பது கான்ஃபிகரேட்டருடன் இணைந்திருப்பதால் வரும் தடை; கம்பியைப் பிடுங்கினால் போய்விடும். புதியவர்கள் இதைக் கோளாறென்று எண்ணி மணிக்கணக்கில் அலைவதைத் தவிர்க்க, சுட்டியை அதன்மேல் வைத்தால் மட்டும் தோன்றும் ஒரு வரி விளக்கத்தை அந்த இடத்திலேயே நேரடியாகப் போட்டிருக்கலாம்.

ஃபெயில்சேஃப் பக்கத்திலும் இதே குறை உண்டு. ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார்களை நிறுத்தி ட்ரோனைக் கீழே விடுவதே இயல்பான ஏற்பாடு. பந்தயத் திடலில் அதுவே பாதுகாப்பானதும்கூட. ஆனால் புரொப்பெல்லர்களைக் கழற்றி, பேட்டரி இணைத்து, ஆர்ம் செய்து, ரேடியோவை அணைத்து, மோட்டார்கள் நிற்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை மென்பொருள் நம்மிடம் கேட்பதில்லை. தொடர்பு போன பின்பும் கடைசிக் கட்டளையையே அனுப்பிக்கொண்டிருக்கும்படி ரிசீவர் அமைந்திருந்தால், தொடர்பு அறுந்ததே பீட்டாஃப்ளைட்டுக்குத் தெரியாது என்பதால், இச்சோதனையைக் கட்டாயமாகச் செய்யவேண்டும்.

பறப்பதைச் செம்மைப்படுத்துவதில் 4.3 பதிப்பு பெரும் மாற்றம் கொண்டுவந்தது. ட்ரோனின் சட்டகத்துக்கேற்ற முன்னமைவுகளைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கலாம். ட்ரோனை நிலைநிறுத்தும் பிஐடி எண்களை (பி, ஐ, டி என்ற மூன்று மதிப்புகளை) தனித்தனியே தொடாமல், முந்தைய பதிப்பிலேயே வந்த இழுபட்டைகளால் நகர்த்தலாம். டி மதிப்பைத் துணிந்து ஏற்றுகிறவர் அரை நிமிடம் பறந்து இறக்கி, மோட்டார்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் வைக்க முடியாத சூடு என்றால், வளைந்த புரொப்பெல்லரின் அல்லது தளர்ந்த திருகின் அதிர்வை டி பெருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை எண்களால் மூடி மறைப்பதை விட்டுவிட்டு, திருகைக் கட்டுவதே சரி.

பேட்டரி அளவீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செல்லுக்கு 3.5 வோல்ட்டில் எச்சரிக்கை வருவது போதுமானது. மல்டிமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு அளவுகோலைத் திருத்திக்கொண்டால் போதும்.

ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வேலைதான் இன்னும் முரடாக இருக்கிறது. 4.4 முதல், நமக்கு வேண்டிய வசதிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் இணையம் வழியே அதற்கேற்ற ஃபர்ம்வேர் உருவாகி வருகிறது. எஃப்411, எஃப்722 போன்ற சில்லுகள் கொண்ட, 512 கிலோபைட் நினைவகமே உள்ள பலகைகளில் இடம் போதாமையே இதற்குக் காரணம், ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் ரிசீவர் வகையையோ ஜிபிஎஸ்ஸையோ தேர்வுசெய்ய மறந்தால், பிறகு அந்த வசதி பலகையில் இருக்கவே இருக்காது, மீண்டும் ஃபிளாஷ் செய்ய, அதாவது ஃபர்ம்வேரை ஏற்ற, வேண்டும். பழைய அமைப்புகளைப் பெரிய பதிப்பு மாற்றங்களுக்கிடையே அப்படியே ஒட்டவும் கூடாது, குறிப்பாக 4.2இன் பிஐடி, ஃபில்டர் எண்கள் 4.3க்குப் பொருந்தா. ஆகவே புதுப்பிக்கும் முன், கட்டளைகளைத் தட்டச்சிடும் சிஎல்ஐ பக்கத்தில், நாம் மாற்றிய அமைப்புகளைப் பட்டியலிடும் 'டிஃப் ஆல்' கட்டளையிட்டு, வரும் உரையைப் பதிப்பு எண்ணோடு கோப்பாகச் சேமித்து, போர்ட்டுகள், மோடுகள், வீடியோவின்மேல் தகவல் காட்டும் ஓஎஸ்டி ஆகியவற்றின் வரிகளை மட்டும் அதிலிருந்து பார்த்துப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பான வழி. பந்தயத்துக்கு முந்தைய நாள் இரவில் இந்த வேலையைத் தொடாமலிருப்பது இன்னும் நல்லது.