முழு நகலா, துண்டுகளா?

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கும் தொண்டர்கள், தங்கள் கைத்தொலைபேசிகளிலேயே 300 எம்பி கோப்பு ஒன்றைக் காக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூவரிடம் முழு நகல் என்றால் மொத்தம் 900 எம்பி. சில துண்டுகள் தொலைந்தாலும் மீதியை வைத்துக் கோப்பை மீட்கும் கணித முறை ஒன்று உண்டு: 1960-இல் வந்த ரீட்-சாலமன் முறை. அதில் ஐந்து துண்டாக்கினால் ஆளுக்கு 100, மொத்தம் 500 தான். எந்த மூன்று துண்டு சேர்ந்தாலும் கோப்பு கிடைத்துவிடும். இரண்டு வழியிலுமே இரண்டு போன் தொலைந்தாலும் கோப்பு தப்பும்.

நகலுக்கு ஒருவர் அருகில் இருந்தால் போதும். துண்டுக்கு மூவர் தொடர்பில் வேண்டும். நெரிசலில் அது சிரமம்தான்.

ஆனால் பூட்டில்லாத நகல் ஒன்று திருடுபோனால் எல்லாமே போச்சு. பக்தர்களின் மருத்துவ விவரம் என்றால் நான் துண்டையே எடுப்பேன். அதுவும் முதலில் கோப்பை மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, சாவியை மட்டும் 1979-இல் வந்த, ரகசியத்தைப் பங்குகளாகப் பிரிக்கும் ஷமீர் முறையில் ஐவருக்குப் பிரித்துக் கொடுப்பேன். இருவர் கூடினாலும் சாவி வெளிவராது; மூவர் வேண்டும்.