மோன்டே ஈசோலா மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: 186 யூரோ போய்விட்டது

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இத்தாலியில் ஈசேயோ ஏரி நடுவே இருக்கும் மோன்டே ஈசோலா தீவு ஒரு மலைதான். அதன் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், செரியோலா மாதா கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று நேர்ச்சை. ஆனால் முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது.

பயணச் சீட்டு, சுற்றுலா எல்லாம் விற்கும் ஒரு இணையதளத்தில் தேடினேன். "படகு, தனி வாகனம், கோயில் வாசல் வரை" என்று போட்டிருந்தது. நான் சும்மா பணம் கட்டவில்லை. "அம்மாவால் நடக்க முடியாது, வண்டி வாசல் வரைக்கும் வருமா?" என்று கேட்டேன். "கவலையே வேண்டாம், அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று பேருக்கு 186 யூரோ கட்டினேன்.

ஏரிக்கரை ஊரான சுல்சானோவில் படகு ஏறி, தீவில் உள்ள பெஸ்கியேரா மராலியோ துறையில் இறங்கினோம். சில நிமிடப் பயணம்தான். நாற்பது நிமிடம் காக்க வைத்துவிட்டு ஒரு பையன் வந்தான். "வண்டி எங்கே?" என்றேன். "இந்தத் தீவில் வெளியாட்கள் கார் ஓட்டவே கூடாதே" என்றான், ஏதோ எனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல. மூன்று பஸ் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். 186 யூரோவுக்கு மூன்று பஸ் டிக்கெட்!

பஸ் மலைமேல் இருக்கும் கூரே என்ற ஊர் வரைதான் போகும். அதற்கு மேல் செங்குத்தான நடைபாதை. அம்மா கொஞ்ச தூரம் வந்து பார்த்தார், முடியவில்லை. தங்கையைத் துணைக்கு விட்டுவிட்டு நான் மட்டும் மெழுகுவர்த்தியோடு மேலே போனேன். 1836 காலராவிலிருந்து காப்பாற்றிய மாதா என்று தீவு மக்கள் இன்றும் கொண்டாடும் இடம். சுவரில் நேர்ச்சைப் படங்கள். அம்மா இல்லாமல் அதையெல்லாம் பார்க்க மனசே வரவில்லை.

அன்று மாலையே புகார் செய்தேன். சுற்றுலா நடத்தியவரைக் கேளுங்கள் என்றது இணையதளம். அவரோ, பணம் எங்களிடம் இல்லை, இணையதளத்தைக் கேளுங்கள் என்றார். பிறகு இணையதளத்திலிருந்து பதில்: "24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டும்." நேற்று, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம்! எனக்கு என் 186 யூரோ வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தீவில் "தனி வாகனம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படகுச் சீட்டைத் துறையிலேயே வாங்குங்கள், சில யூரோதான். நடக்க முடியாதவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் கூரேக்கு மேல் நடைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் தரும் வாக்குறுதியைப் படமெடுத்து வையுங்கள். என்னிடம் அந்தப் படம் இருக்கிறது, இன்று மறுபடி அனுப்பியிருக்கிறேன்.